ஆங்கில இணைப்புச் சொற்களில் எது, எங்கே, ஏன்: தமிழில் யோசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மழையால் ஆட்டம் நின்றது. மழை பெய்ததால் ஆட்டம் நின்றது. இரண்டும் நல்ல தமிழ். முதலாவதில் 'ஆல்' பெயர்ச்சொல்லோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் 'பெய்தது' என்பதோடு ஒட்டியிருக்கிறது. பேசும்போது இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. முதல் வாக்கியத்துக்கு 'பிகாஸ் ஆஃப்' வேண்டும், இரண்டாவதற்கு 'பிகாஸ்' வேண்டும். மாற்றிப் போட்டால் தவறு.

இணைப்புச் சொற்களில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அர்த்தம் தெரியாதது அல்ல. 'ஆல்தோ' என்றால் 'இருந்தாலும்' என்று பள்ளி மாணவருக்கும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் தன் இணைப்பை வாக்கியப் பகுதியின் கடைசியில், வினையோடு ஒட்டி வைக்கிறது: வந்தால், வந்தாலும், வந்ததால், வரும்போது, வரும்வரை, வருவதற்குள். ஆங்கிலம் அதையே தனிச்சொல்லாக்கி முன்னால் நிறுத்துகிறது. நம்முடைய ஒரே விகுதி செய்கிற வேலையை அங்கே இரண்டு மூன்று சொற்கள் பிரித்துக்கொள்கின்றன. எந்த வேலை எந்தச் சொல்லுக்கு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அதனால் இங்கே ஆங்கிலச் சொற்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல், முடிந்தவரை நம் வாயில் இருக்கும் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் பழகும்.

படி 1: பின்னால் வருவது பெயரா, வாக்கியமா?

எந்த இணைப்புச் சொல்லை எழுதப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் எழுவாயும் காலம் காட்டும் வினையும் வருகின்றனவா? வந்தால் அது வாக்கியம். 'தி ரெய்ன்', 'ஹிஸ் இல்னெஸ்', 'தி எக்ஸாம்' என்று வெறும் பெயரோடு நின்றுவிட்டால் அது பெயர்.

வாக்கியம் வந்தால் 'பிகாஸ்', 'ஆல்தோ', 'வைல்'. பெயர் வந்தால் அதே வரிசையில் 'பிகாஸ் ஆஃப்', 'டிஸ்பைட்' அல்லது 'இன் ஸ்பைட் ஆஃப்', 'டியூரிங்'.

'தி மேட்ச் வாஸ் ஸ்டாப்ட் பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்.' மழையால்.
'தி மேட்ச் வாஸ் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெய்ன்ட்.' மழை பெய்ததால்.

'போது' என்பதிலும் இதே கதைதான். தேர்வின்போது என்றால் 'டியூரிங் தி எக்ஸாம்'. தேர்வு எழுதும்போது என்றால் 'வைல் ஐ வாஸ் ரைட்டிங் தி எக்ஸாம்'. தமிழில் இரண்டிலும் ஒரே 'போது' வருவதால் 'டியூரிங் ஐ வாஸ் ரைட்டிங்' என்று எழுதிவிடுகிறோம். 'டியூரிங்' ஒரு முன்னிடைச்சொல், அதற்குப் பின்னால் வாக்கியம் வரவே வராது.

'டிஸ்பைட்' விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். 'டிஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று இல்லை. 'ஆஃப்' வருவது 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதில் மட்டும். இரண்டாவது, 'டிஸ்பைட்' போட்ட பிறகுதான் ஒரு முழு வாக்கியம் வரப்போகிறது என்று தெரிந்தால், அழித்துவிட்டு 'ஆல்தோ' போடுங்கள். 'டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்' என்று நீட்டியும் சமாளிக்கலாம். இலக்கணப்படி சரி, ஆனால் மூன்று சொல் கூடுதல்.

'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'சின்ஸ்' ஆகிய நான்கும் நமக்கு நல்லவை. பெயரோடும் வரும், வாக்கியத்தோடும் வரும். 'ஆஃப்டர் லஞ்ச்', 'ஆஃப்டர் வீ ஹேட் லஞ்ச்' இரண்டும் சரி.

இந்தப் படியில் இன்னும் ஒரு பள்ளம் உண்டு. 'வைல்' என்பதற்குப் பின்னால் எழுவாயை விட்டுவிட்டு 'இங்' வடிவத்தை மட்டும் வைக்கலாம்: 'வைல் டிரைவிங்', 'வைல் வாக்கிங்'. அப்படி வைத்தால், நடப்பவர் யார் என்பதை ஆங்கிலம் பிரதான வாக்கியத்தின் எழுவாயிலிருந்து எடுத்துக்கொள்ளும். "பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது" என்று தமிழில் சொன்னால் நடந்தது நாம்தான் என்று யாருக்கும் புரியும். அதையே 'வைல் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால், மழைதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனது என்று ஆகிவிடும். 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று எழுவாயைப் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

படி 2: ஒரு இணைப்புக்கு ஒரே சொல்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வரி மனப்பாடம்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல்.' லீவ் லெட்டர். இதில் 'ஆஸ்' சரியான இடத்தில் இருக்கிறது. காரணத்தைச் சொல்லும் பகுதி முன்னால், விளைவு பின்னால், நடுவில் ஒரு காற்புள்ளி. கச்சிதமான அமைப்பு. 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் அந்த 'தி' தேவையில்லை, அது தனிக்கதை.

தவறு நடப்பது இப்படி: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், சோ ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட்.' இரண்டு பகுதிகளை இணைக்க ஒரு சொல் போதும். 'ஆஸ்' வந்த பிறகு 'சோ' வரக்கூடாது. காய்ச்சலை ஒரு வாக்கியமாக முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை 'சோ' என்று தொடங்கினால் அது வேறு, அது சரி.

இதே குடும்பத்தில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது 'ஆல்தோ ... பட்'. 'ஆல்தோ ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹேப்பி' என்று ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. "என்னதான் பணம் இருந்தாலும், ஆனா நிம்மதி இல்லை" என்று பேச்சில் நாம் அழுத்திச் சொல்கிற பழக்கம் அப்படியே இறங்குகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். 'ஆல்தோ ஹி இஸ் ரிச், ஹி இஸ் நாட் ஹேப்பி' அல்லது 'ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹேப்பி'. பழைய இலக்கணப் புத்தகங்களில் 'தோ ... யெட்' என்ற ஜோடியைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய நடை, தேர்வில் ஏற்றுக்கொள்வார்கள். இன்றைய கடிதத்திலும் மின்னஞ்சலிலும் 'தோ' மட்டும் போதும்.

'தோ', 'ஆல்தோ' இரண்டுக்கும் அர்த்தத்தில் பேதம் இல்லை. 'தோ' கொஞ்சம் பேச்சுச் சாயல். ஆனால் 'தோ' வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும், 'ஆல்தோ' நிற்காது. 'தி ரூம் இஸ் ஸ்மால். இட்ஸ் க்ளீன், தோ.' சின்ன அறைதான், சுத்தமாக இருக்கிறது என்னவோ உண்மை. காதுக்கு இயல்பாக ஒலிக்கும் ஆங்கிலம் இது, பழகிக்கொள்ளுங்கள்.

படி 3: 'ஆல்' என்றால் 'இஃப்' மட்டும் அல்ல

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இது.

"விடிந்தால் கல்யாணம்" என்கிறோம். விடியுமா விடியாதா என்ற சந்தேகம் அதில் யாருக்கும் இல்லை. தமிழின் 'ஆல்' சந்தேகத்துக்கும் வரும், நிச்சயத்துக்கும் வரும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது: நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'இஃப்', நடக்கும், எப்போது என்பதுதான் கேள்வி என்றால் 'வென்'. "அப்பா வந்தால் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்கிறீர்கள். அப்பா தினமும் மாலை வேலையிலிருந்து வீடு திரும்புகிறவர். அப்படியானால் 'வென் அப்பா கம்ஸ் ஹோம், ஐ வில் ஆஸ்க் ஹிம்.' அங்கே 'இஃப்' போட்டால், கேட்பவர் "ஏன், வரமாட்டாரா?" என்று பதறுவார்.

நேர்முகத் தேர்வில் 'வென் ஐ ஜாய்ன் யுவர் கம்பெனி' என்று சொல்வதற்கும் 'இஃப் ஐ ஜாய்ன்' என்று சொல்வதற்கும் உள்ள தூரமும் இதுதான். முதலாவது வேலை கிடைத்துவிட்டது என்றே பேசுகிறது. எனக்கு 'இஃப்' பக்குவமாகப் படுகிறது.

எதை எடுத்தாலும் அந்தப் பகுதிக்குள் எதிர்காலத்துக்காக 'வில்' போடக்கூடாது. 'வென் ஹி வில் கம்' தவறு, 'வென் ஹி கம்ஸ்' சரி. 'இஃப்', 'அன்லெஸ்', 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஸ் சூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இதே விதி. 'வில்' பிரதான வாக்கியத்தில் இருக்கட்டும்.

அடுத்து எதிர்மறை. "படிக்காவிட்டால் ஃபெயில் ஆகிவிடுவாய்." இந்த 'காவிட்டால்' முழுவதையும் 'அன்லெஸ்' ஒன்றே தூக்கிக்கொள்கிறது, அதற்குள் 'நாட்' ஏற்கெனவே இருக்கிறது. 'அன்லெஸ் யூ ஸ்டடி, யூ வில் ஃபெயில்.' இங்கே 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி' என்று எழுதினால், படித்தால் ஃபெயில் ஆவாய் என்று தலைகீழாகிவிடும்.

எல்லா 'இஃப் நாட்'டையும் 'அன்லெஸ்' ஆக்கிவிடலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுண்டு. அது முழு உண்மை அல்ல. "அவர் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்" என்பதை 'ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் இஃப் ஹி டஸ்ன்ட் கம்' என்றுதான் சொல்ல வேண்டும். வராததே ஆச்சரியத்துக்குக் காரணமாக இருக்கும்போது 'அன்லெஸ்' பொருந்தாது. 'அன்லெஸ்' என்பது விதிவிலக்கு: "இது நடக்கும், அந்த ஒன்று குறுக்கே வந்தால் தவிர". வாக்கியத்தை 'தவிர' போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் 'அன்லெஸ்', பொருந்தாவிட்டால் 'இஃப் நாட்'.

'அன்டில்' இன்னும் நுட்பமானது. "நான் சொல்லும் வரை கதவைத் திறக்காதே." "நான் சொல்லாத வரை கதவைத் திறக்காதே." தமிழில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள். ஆங்கிலத்தில் முதல் வடிவம் மட்டும்தான் உண்டு: 'டோன்ட் ஓப்பன் தி டோர் அன்டில் ஐ டெல் யூ.' இரண்டாவது வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கும்போதுதான் 'அன்டில் ஐ டோன்ட் டெல் யூ' என்ற தவறு பிறக்கிறது. சில இடங்களில் 'சொல்லாத வரை'யை மாற்ற முடியாது: "அவன் யாரிடமும் சொல்லாத வரை நமக்குப் பிரச்சினை இல்லை." அங்கே ஆங்கிலச் சொல்லே வேறு: 'ஆஸ் லாங் ஆஸ் ஹி டஸ்ன்ட் டெல் எனிஒன்.'

'வரை'க்கும் 'க்குள்'ளுக்கும் தமிழில் நமக்குக் குழப்பம் இல்லை. ஐந்து மணி வரை இருப்பேன் என்றால் அதுவரை தொடர்ந்து இருப்பேன்; ஐந்து மணிக்குள் முடிப்பேன் என்றால் அதற்கு முன் எப்போதாவது முடிந்துவிடும். முன்னது 'அன்டில் ஃபைவ்', பின்னது 'பை ஃபைவ்'. நாம் வழுக்குவது 'க்குள்' என்றவுடன் 'வித்தின்' போடுவதில். 'வித்தின் ஃப்ரைடே' என்று எத்தனையோ அலுவலக மின்னஞ்சல்களில் பார்க்கலாம். 'வித்தின்' வருவது கால அளவுக்கு: 'வித்தின் டூ டேஸ்', 'வித்தின் ஆன் அவர்'. குறிப்பிட்ட நாள், மணி என்றால் 'பை'. அப்புறம் "அவர் வருவதற்குள்" என்று வினை வந்துவிட்டால் 'பிஃபோர் ஹி கம்ஸ்' அல்லது 'பை தி டைம் ஹி கம்ஸ்'. 'பை' மட்டும் தனியாக வினை வாக்கியத்தைத் தாங்காது.

இந்தப் படியில் கடைசியாக 'இன் கேஸ்'. அம்மா வாசலில் நின்று சொல்வார்: "எதற்கும் ஒரு குடை எடுத்துக்கோ." அந்த 'எதற்கும்'தான் 'இன் கேஸ்'. 'டேக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வருமோ என்னவோ, இப்போதே எடுத்துக்கொள். 'டேக் ஆன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்த பிறகு எடுத்தால் போதும். முன்னெச்சரிக்கை என்றால் 'இன் கேஸ்', நிபந்தனை என்றால் 'இஃப்'. 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்று லிஃப்ட் பக்கத்தில் எழுதியிருப்பது வேறு. அங்கே 'ஆஃப்' சேர்ந்து, 'தீப்பிடித்தால்' என்ற பொருள் வந்துவிடுகிறது.

படி 4: 'மாதிரி' என்ற ஒற்றைச் சொல்

அம்மா மாதிரி சமைப்பாள். அவர் சொன்ன மாதிரியே நடந்தது. எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறான்.

மூன்று 'மாதிரி', மூன்று ஆங்கிலச் சொற்கள். பெயரோடு வந்தால் 'லைக்': 'ஷி குக்ஸ் லைக் ஹெர் மதர்.' உண்மையில் நடந்ததோடு ஒப்பிடும் வாக்கியம் வந்தால் 'ஆஸ்': 'இட் ஹேப்பன்ட் ஆஸ் ஹி செட்.' அப்படி இல்லை, ஆனால் அப்படிப்போல என்றால் 'ஆஸ் இஃப்': 'ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி நியூ எவ்ரிதிங்.' கடைசி வாக்கியத்தில் 'நோஸ்' என்பதற்குப் பதில் 'நியூ' என்று இறந்தகாலம் வந்ததைக் கவனியுங்கள்; அவனுக்கு எல்லாம் தெரியாது என்பதை ஆங்கிலம் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளிக் காட்டுகிறது. 'ஆஸ் இஃப் ஹி வேர் தி ஓனர்' என்பதில் 'வேர்' வருவதும் இதனால்தான்.

'லைக்' பின்னால் முழு வாக்கியம் வரலாமா என்று அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்தது. 1954-இல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'வின்ஸ்டன் டேஸ்ட்ஸ் குட் லைக் எ சிகரெட் ஷுட்' என்று வந்தபோது, 'ஆஸ்' என்றுதான் இருக்க வேண்டும் என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கொதித்தார்கள். விளம்பரம் அசைந்து கொடுக்கவில்லை. இன்று பேச்சு ஆங்கிலத்தில் 'லைக் ஐ செட்' என்பது மிகச் சாதாரணம், யாரும் திருத்த மாட்டார்கள். தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'ஆஸ் ஐ செட்' என்று எழுதுங்கள்.

'ஆஸ்' பெயரோடும் வரும். ஆனால் அப்போது அது நம் 'ஆக': 'ஹி ஒர்க்ஸ் ஆஸ் எ டாக்டர்', டாக்டராக வேலை பார்க்கிறார், உண்மையிலேயே டாக்டர். 'ஹி டாக்ஸ் லைக் எ டாக்டர்', டாக்டர் மாதிரி பேசுகிறார், டாக்டர் இல்லை. பயோடேட்டாவில் 'ஐ ஒர்க்ட் லைக் ஆன் அக்கவுன்டன்ட்' என்று எழுதினால், கணக்காளராகவே இல்லாமல் கணக்காளர் போல நடந்துகொண்டதாகப் பொருள் வரும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துத் திருத்துவது நல்லது.

படி 5: காரணம் சொல்லும் மூவர்

'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' மூன்றும் காரணம் சொல்லும். காரணமே செய்தி என்றால் 'பிகாஸ்'. காரணம் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது, விளைவுதான் செய்தி என்றால் 'சின்ஸ்' அல்லது 'ஆஸ்', பெரும்பாலும் வாக்கியத்தின் முன்னால். 'ஏன்' என்று ஒருவர் நேரடியாகக் கேட்டால் பதில் 'பிகாஸ்' என்றுதான் தொடங்க முடியும்.

'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டுக்கும் காலப் பொருளும் உண்டு, அங்கேதான் மயக்கம். 'சின்ஸ் ஹி லெஃப்ட், தி ஆஃபீஸ் ஹேஸ் பீன் க்வயட்' என்றால் அவர் போனதிலிருந்தா, போனதாலா? 'ஆஸ் ஷி வாஸ் லீவிங், ஐ லாக்ட் தி டோர்' என்றால் கிளம்பும்போதா, கிளம்பியதாலா? படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருந்தால் 'பிகாஸ்' போட்டுவிடுங்கள். 'வைல்' என்பதும் 'போது' என்றும் 'இருந்தாலும்' என்றும் இரு பொருள் தரும். சந்தேகம் வந்தால் 'ஆல்தோ' நேரான வழி. கால அளவு சொல்லும் இடத்தில் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதாதீர்கள்: மூன்று வருடமாக என்றால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்', 2021-இலிருந்து என்றால் 'சின்ஸ் 2021'.

'பிகாஸ்' எதிர்மறையோடு சேரும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'ஐ டிட் நாட் ஜாய்ன் பிகாஸ் மை ஃப்ரெண்ட் வாஸ் தேர்.' நண்பன் அங்கே இருந்ததால் நான் சேரவில்லையா? சேர்ந்தேன், ஆனால் நண்பன் இருந்தான் என்பதற்காக அல்ல என்கிறேனா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். முதல் பொருள்தான் வேண்டும் என்றால் காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: 'பிகாஸ் மை ஃப்ரெண்ட் வாஸ் தேர், ஐ டிட் நாட் ஜாய்ன்.' வாக்கியத்தை 'பிகாஸ்' என்று தொடங்கக்கூடாது என்று சிலர் சொல்வது தவறு. பின்னாலேயே பிரதான வாக்கியம் வந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

'தி ரீசன் இஸ் பிகாஸ்' என்பதில் காரணம் இரண்டு முறை வருகிறது. 'தி ரீசன் இஸ் தட்' என்று எழுதுவது பாதுகாப்பு.

படி 6: 'உம்' எதிர்மறையில் என்ன ஆகிறது?

டீயும் காபியும் குடிக்க மாட்டேன். தமிழில் இது இரண்டையும் மறுக்கிறது. 'உம்' என்றால் 'அண்ட்' என்ற பழக்கத்தில் 'ஐ டோன்ட் ட்ரிங்க் டீ அண்ட் காஃபி' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டையும் மறுக்க 'ஆர்' வேண்டும்: 'ஐ டோன்ட் ட்ரிங்க் டீ ஆர் காஃபி.' நம் "டீயோ காபியோ குடிப்பதில்லை" என்ற வடிவத்தை நினைத்துக்கொண்டால் 'ஆர்' தானாக வந்துவிடும்.

இது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த பல்சிஃபர் வழக்கே சாட்சி. 2018-இல் வந்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப் ஆக்ட்' என்ற சட்டம், சில போதைப்பொருள் குற்றங்களில் கட்டாயக் குறைந்தபட்ச தண்டனையிலிருந்து விலக்கு பெற நிபந்தனைகளைச் சொன்னது. முந்தைய குற்றப் பதிவு தொடர்பான மூன்று அம்சங்களை வரிசையாக எழுதி, அவை குற்றவாளிக்கு 'இருக்கக்கூடாது' என்றது. வரிசையின் கடைசியில் இணைத்த சொல் 'அண்ட்'. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் சலுகை போகுமா, ஒன்று இருந்தாலே போகுமா? 2024 மார்ச்சில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஒன்று இருந்தாலே சலுகை இல்லை என்று தீர்ப்பானது. 'நாட்' என்பதற்குப் பின்னால் வந்த ஒரு 'அண்ட்' எத்தனையோ பேர் சிறையில் கழிக்கும் ஆண்டுகளைத் தீர்மானித்திருக்கிறது. ஆங்கிலத்திலேயே சட்டம் படித்த நீதிபதிகள் அந்த ஒரு சொல்லில் பிளவுபட்டார்கள் என்றால், நாம் கொஞ்சம் நிதானித்து எழுதுவதில் தப்பே இல்லை.

'நைதர்' வந்தால் 'நார்', 'ஈதர்' வந்தால் 'ஆர்'. வினை, பக்கத்தில் நிற்கும் எழுவாயைப் பின்பற்றும்: 'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் தேர்.' ஆனால் 'ஆஸ் வெல் ஆஸ்' வந்தால் முதல் எழுவாய்தான் கணக்கு: 'தி டீச்சர், ஆஸ் வெல் ஆஸ் தி ஸ்டூடன்ட்ஸ், வாஸ் தேர்.' வங்கித் தேர்வுகளின் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு இது பிடித்தமான இடம்.

படி 7: 'வருவாரா என்று தெரியவில்லை'

இந்த 'ஆ என்று' ஆங்கிலத்தில் 'வெதர்' அல்லது 'இஃப்'. 'ஐ டோன்ட் நோ வெதர் ஹி வில் கம்', 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' இரண்டும் சரி. இங்கே 'வில்' வரலாம், இது நிபந்தனை அல்ல. 'டு' வினைக்கு முன்னால், 'அபௌட்' போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால், 'ஆர் நாட்' ஒட்டி வரும்போது, வாக்கியத்தின் முதல் சொல்லாக வரும்போது 'வெதர்' மட்டும்தான்: 'வெதர் டு கோ', 'அபௌட் வெதர்', 'வெதர் ஆர் நாட்'. "வந்தாலும் வராவிட்டாலும்" என்பதற்கும் அதுவே: 'வெதர் ஹி கம்ஸ் ஆர் நாட்'.

படி 8: இணைப்புச் சொல் போலத் தெரியும், ஆனால் இல்லை

'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'அதர்வைஸ்' ஆகியவை வினையடைகள். 'பட்', 'சோ' போல ஒரு காற்புள்ளியை வைத்து இரண்டு வாக்கியங்களை ஒட்டும் சக்தி இவற்றுக்குக் கிடையாது. 'ஐ கால்ட் ஹிம், ஹவெவர் ஹி டிட் நாட் ஆன்சர்' தவறு. 'ஹவெவர்' முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி.

'சோ' விளைவு, 'சோ தட்' நோக்கம். பஸ் போய்விட்டது, அதனால் நடந்தேன்: 'ஐ மிஸ்ட் தி பஸ், சோ ஐ வாக்ட்.' பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் கிளம்பினேன்: 'ஐ லெஃப்ட் எர்லி சோ தட் ஐ குட் கேட்ச் தி பஸ்.' முன்னதில் காற்புள்ளி உண்டு, பின்னதில் இல்லை.

படி 9: தேர்வுக்கான ஜோடிகள்

இவற்றை ஜோடியாகவே மனப்பாடம் செய்வதுதான் வழி. மணி அடித்த உடனே பையன்கள் ஓடினார்கள் என்பதற்கு 'நோ சூனர்' வந்தால் பின்னால் 'தேன்'. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' வந்தால் பின்னால் 'வென்'. மூன்றும் வாக்கியத்தின் முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும்: 'நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி பாய்ஸ் ரேன் அவுட்.' 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்', கூடவே 'நாட்' வராது: 'ஹோல்ட் தி ரெயில் லெஸ்ட் யூ ஷுட் ஃபால்.' 'நாட் ஒன்லி' எந்த வகைச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதோ, 'பட் ஆல்சோ'வும் அதே வகைச் சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும்: 'ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ தெலுகு.'

படி 10: ஒரு மின்னஞ்சலைத் திருத்திப் பார்ப்போம்

வேலை கிடைத்த ஒருவர், படித்த கல்லூரிக்குச் சான்றிதழ் கேட்டு எழுதுகிறார்:

'ஆல்தோ ஐ அப்ளைட் லாஸ்ட் மன்த், பட் ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் மை சர்டிஃபிகேட். பிகாஸ் ஆஃப் மை ஜாய்னிங் டேட் இஸ் நியர், ஐ நீட் இட் வித்தின் ஃப்ரைடே. ஐ கேன்னாட் ஜாய்ன் அன்லெஸ் ஐ டோன்ட் சப்மிட் இட். ஐ வில் கம் இன் பர்சன் இஃப் தி சர்டிஃபிகேட் வில் பி ரெடி.'

முதல் வாக்கியத்தில் 'பட்' போக வேண்டும், படி 2. இரண்டாவதில் 'இஸ்' என்ற வினை இருக்கிறது, ஆகவே பின்னால் வருவது வாக்கியம்; 'ஆஃப்' போக வேண்டும். ஃப்ரைடே ஒரு குறிப்பிட்ட நாள், 'பை ஃப்ரைடே'. மூன்றாவதில் 'டோன்ட்' போக வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழைக் கொடுத்தால் வேலையில் சேர முடியாது என்று ஆகிவிடும். கடைசி வாக்கியத்தில் 'வில் பி' என்பது 'இஸ்' ஆக வேண்டும். 'இஃப்' என்பதா 'வென்' என்பதா என்று இன்னொரு தேர்வும் அங்கே இருக்கிறது. சான்றிதழ் தயாராகும் என்பது உறுதி, நாள்தான் தெரியாது என்றால் 'வென்'. கொடுப்பார்களா மாட்டார்களா என்பதே தெரியாவிட்டால் 'இஃப்'. கேட்டு வாங்க வேண்டியவர் 'வென்' போடுவதுதான் நல்லது. தருவது அவர்கள் கடமை என்பது அந்தச் சொல்லிலேயே பணிவாக அடங்கியிருக்கிறது.

'ஆல்தோ ஐ அப்ளைட் லாஸ்ட் மன்த், ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் மை சர்டிஃபிகேட். பிகாஸ் மை ஜாய்னிங் டேட் இஸ் நியர், ஐ நீட் இட் பை ஃப்ரைடே. ஐ கேன்னாட் ஜாய்ன் அன்லெஸ் ஐ சப்மிட் இட். ஐ வில் கம் இன் பர்சன் வென் தி சர்டிஃபிகேட் இஸ் ரெடி.'